ஷூ தைக்கும் நூலால் ஆட்டைத் தைத்தேன்

சில மாதங்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘முள்கம்பியில் கிழிந்த ஆட்டின் காயத்தை வீட்டிலேயே தைக்கலாமா? என்ன நூல் வாங்க வேண்டும்?’ பதில் இரண்டே வரி. ‘நீங்களாகத் தைக்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.’ சரியான பதில்தான். ஆனால் ஏன் வேண்டாம் என்று புரியாதவரை அந்தப் பதிலைக் கேட்டு நடக்க மாட்டார்கள். நானே நடந்திருக்க மாட்டேன். காரணம், எனக்குத் தையல் தெரியும்.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். வேலூர் மாவட்டமாக இருந்தது, 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இந்தப் பக்கத்துப் பெண்களில் வீட்டுக்கு ஒருத்தியாவது ஷூ கம்பெனிக்குப் போயிருப்பாள். நானும் பதினேழு வருஷம் போனேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் வேலை. அப்பா தோல் ஷாப்பில் இருந்தவர். முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைக்கிற தொட்டியில், பிறகு குரோம் டிரம்மில். ஆக, தோலும் நூலும் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. முதுகுவலி வந்து வேலையை விட்ட பிறகு இரண்டு மாடு, எட்டு வெள்ளாடு என்று ஆகிவிட்டது.

அந்த எட்டில் கருப்பி என்று ஒரு ஆடு. இரண்டாவது ஈற்று, காலடியில் இரண்டு குட்டி. ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து நிலத்து முள்கம்பியைத் தாண்டப் போய், தொடையிலிருந்து விலாப் பக்கம்வரை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்தது. தோல் அங்கி மாதிரி தொங்கியது. மருந்தகம் மூடியிருந்தது, மழை விடவில்லை. வீட்டுக்காரர் ஆட்டைப் பிடித்துக்கொண்டார். நான் தகர டப்பாவைத் திறந்தேன். அதில் கம்பெனியில் மிச்சமான இருபதாம் நம்பர் நைலான் நூலும், கையால் தோல் தைக்கிற முக்கோண முனை ஊசியும் இருந்தன.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மஞ்சள்தூள் அப்பினேன். பிறகு தைத்தேன். நெருக்கமாக, ஒரே நேராக, இழுத்து இறுக்கி. ‘கம்பெனி ஃபினிஷிங்’ என்றார் வீட்டுக்காரர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நாலு நாள் நன்றாக மேய்ந்தது. ஐந்தாம் நாள் தையலைச் சுற்றி வீக்கம். ஒன்பதாம் நாள் காலையில் குட்டிகள் முட்டிமுட்டிப் பார்த்தும் கருப்பி நகரவில்லை. நாலு காலும் கட்டில் கால்போல விறைத்து அகண்டு நின்றன. காது இரண்டும் மேலே குத்திட்டு நின்றன. தழையை வாயருகே கொண்டுபோனால் முகர்ந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் குடம் ஒன்று விழுந்த சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது.

டாக்டர் வந்து பார்த்தவுடன் சொல்லிவிட்டார், ரண ஜன்னி. மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. பதினோராம் நாள் செத்துப்போனது. குட்டிகளுக்கு மாட்டுப்பாலைப் புட்டியில் ஊட்டினோம். ஒன்று பிழைத்தது.

அன்று டாக்டர் என் தையலில் இரண்டைக் கத்தரித்தபோது உள்ளே இருந்து சீழ் கொட்டியது. அவர் திட்டவில்லை. “தையல் நல்லா இருக்கும்மா. அதுதான் பிரச்சினை” என்றார்.

அப்போது எனக்கு ரோஷம்தான் வந்தது. “சார், நீங்களும் நைலான்லதானே தைக்கிறீங்க? ஆஸ்பத்திரியில நானே பார்த்திருக்கேனே” என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவசரத்தில் இருந்தார், மீதியைச் சொல்லவில்லை. மீதியை நான் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது. அதுவும் மாட்டின் வயிற்றில் பாலிதீன் சேர்ந்த புண்ணியத்தால்.

எங்கள் சிவப்பு மாடு ஒரு மாதமாகச் சரியாகத் தின்னவில்லை. அசை போடுவது குறைந்தது, இடது வயிறு அடிக்கடி உப்பியது, பால் பாதியானது. சாலையோரம் மேய்கிற மாடுகளுக்கு என்ன வருமோ அதுதான். கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார்கள். டாடா ஏஸில் ஏற்றி வேலூர் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே எங்கள் டாக்டருக்குத் தெரிந்த சர்ஜன் ஒருவர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். “நான் ஷூ கம்பெனி தையல்காரி சார், பக்கத்துல நின்னு பார்க்கலாமா?” என்றேன். “அப்ப என் தையலுக்கு மார்க் போடுங்க” என்று சிரித்தார்.

மாட்டை நின்றபடியேதான் கிழித்தார்கள். கம்பித் தடுப்புக்குள் நிறுத்தி, இடது விலாவுக்குப் பின்னால் மயிரைச் சிரைத்து, மரத்துப்போகும் ஊசியை வரிசையாகப் போட்டார்கள். தோல், அதற்குக் கீழே சதை அடுக்குகள், அதற்குக் கீழே மெல்லிய சவ்வு, அப்புறம் பெருவயிறு. அதை வெளியே இழுத்துத் தோலோடு பிடித்து வைத்துக்கொண்டு திறந்தார்கள். உள்ளே இருக்கிற அசுத்தம் வயிற்றறைக்குள் ஒரு சொட்டுகூட விழக் கூடாதாம். கை முழுக்க உள்ளே விட்டு எடுத்தது ஒரு யூரியா சாக்கு நிறைய. கேரி பேக், கயிறு, ஒரு குழந்தைச் செருப்பின் வார்.

நான் கவனித்தது தையலைத்தான். மூன்று விதமான நூல் வந்தது. எதற்கு மூன்று?

பெருவயிற்றைத் தைத்தது கேட்கட் என்கிற நூல். தேன் நிறத்தில், கொஞ்சம் விறைப்பாக, சின்ன உறையில் ஒரு திரவத்துக்குள் மிதந்தபடி வந்தது. பெயரில் ‘கேட்’ இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டுக்குடல் அல்லது மாட்டுக்குடலின் ஒரு படலத்தை முறுக்கிச் செய்வது. செம்மறியாட்டுக் குடல் நூலால் மாட்டு வயிற்றைத் தைக்கிறார்கள்! உடம்பு அதை அந்நியப் புரதமாகப் பார்த்து மெல்ல அரித்துக் கரைத்துவிடும். உள்ளே போட்ட தையலைப் பிரிக்க மறுபடி வயிற்றைக் கிழிக்க முடியாதல்லவா, அதனால் தானே கரைகிற நூல்.

“வெறும் கேட்கட் ஒரு வாரம், பத்து நாள்ல பலம் போயிடும். மாட்டு வயிறு அதுக்குள்ள ஒட்டாது. அதனால இது குரோமிக் கேட்கட், ரெண்டு மூணு வாரம் தாங்கும்” என்றார் சர்ஜன்.

குரோம் என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். “குரோம்னா, தோல் ஷாப்ல போடுற குரோமா சார்?”

“அதே குணம்தாம்மா. உங்க ஊர்ல தோல் அழுகாம இருக்க என்ன பண்றீங்களோ, அதையேதான் இந்தக் குடலுக்குப் பண்றாங்க.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எண்பதை நெருங்கும் அப்பாவுக்கு அது உடனே விளங்கியது. எனக்குத்தான் அவர் விளக்கினார். பச்சைத் தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கரைந்து பசையாகும். தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரம் அதிலிருந்து வருவதுதான். குரோம் ஏறிய தோல் அப்படிக் கரையாது. டிரம்மிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கினால் குரோம் போதவில்லை, அப்படியே இருந்தால் பதம். தோலிலும் குடலிலும் இருப்பது ஒரே வகைப் புரதம். குரோம் அந்த நார்களை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது, அரிக்கிறவை உள்ளே நுழைய நாளாகிறது. தோலில் நிறைய ஏற்றினால் காலத்துக்கும் நிற்கும். நூலில் கொஞ்சமாக ஏற்றினால் கரைவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும்.

இதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. காயத்தில் கிருமி போகாமல் அறுவை செய்ய வழிகாட்டிய ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய சர்ஜன், கார்பாலிக் அமிலத்தில் ஊறிய கேட்கட்டை முதலில் ஒரு கன்றின் கழுத்து ரத்தக்குழாயில் கட்டிப் பார்த்து 1869-ல் எழுதினார். அது சீக்கிரம் கரைகிறது என்று 1881 வாக்கில் குரோமிக் அமிலத்தைச் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்குப் போனார். தோலைக் குரோமில் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியது 1884-ல். மகள் இதைப் படித்துச் சொன்னபோது அப்பா, “அப்ப டாக்டருங்கதான் நமக்கு முன்னாடியா?” என்று ஆச்சரியப்பட்டார். குரோம் என்றாலே பாலாற்றையும், கெட்டுப்போன கிணறுகளையும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கையும்தான் நாங்கள் நினைப்போம். அந்தச் சொல் ஒரு மாட்டைக் காப்பாற்றுகிற இடத்தில் காதில் விழுந்தது அன்றுதான்.

இந்தக் கேட்கட்டிலும் குறை இருக்கிறது. சீழ் பிடித்த இடத்தில் போட்டால் கணக்குக்கு முன்பே கரைந்துவிடும். நனைந்தால் உப்பி முடிச்சு நெகிழும், அதனால் முடிச்சுக்கு மேல் கொஞ்சம் வால் விட்டுத்தான் வெட்டுகிறார்கள். மாட்டுப் பைத்திய நோய் பயத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் மனிதர்களுக்கு இதைப் போடுவதைக் கைவிட்டார்கள். நம் பக்கம் கால்நடைகளுக்கு இன்னமும் புழங்குகிறது, கைக்குப் பழகிய நூல்.

சதை அடுக்குக்கு எடுத்தது இரண்டாவது நூல், பாலிகிளைகாலிக் ஆசிட் என்று பெயர். ஊதா நிறத்தில் பின்னிய நூல். இதுவும் கரைவதுதான், ஆனால் குடல் அல்ல, ஆலையில் செய்வது. கேட்கட்டை உடம்பு சண்டை போட்டு அரிக்கிறது. இது உடம்பின் ஈரத்திலேயே மெல்ல உடைகிறது. அதனால் வீக்கம் குறைவு, எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கும் தப்பாது. இரண்டு மூன்று வாரம் பலம் நிற்கும், இரண்டு மூன்று மாதத்தில் தடமே இருக்காது. விலை கூடுதல். மடிக்காம்பு கிழிந்தால் இந்த மாதிரி மெல்லிய நூல்தான் வேண்டுமாம், கேட்கட் போட்டால் காம்பு வீங்கிப் பால் வழி அடைந்துவிடக்கூடும். காம்பு கிழிந்த மாட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே தைத்தால் அந்தக் காம்பு பிழைக்க வாய்ப்புண்டு.

கடைசியாகத் தோல். அதற்குத்தான் என் நைலான். உறையைப் பிரித்து நூலை எடுத்தவுடன் சர்ஜன் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்தார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒற்றை இழை. நான் கருப்பிக்குப் போட்டது பல இழைகளை முறுக்கி, பசையும் எண்ணெயும் ஏற்றி, மெஷினில் அறுந்துபோகாதபடி செய்த நூல். முறுக்கிய நூல் விளக்குத்திரி மாதிரி. திரி எண்ணெயை இழுப்பதுபோல வெளியே இருக்கிற சாணி, மூத்திரம், கிருமி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஒற்றை இழையில் அதற்கு இடமில்லை. பட்டு நூலுக்கும் இந்தத் திரி குணம் உண்டு. காஞ்சிபுரம் பட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பட்டு கைக்கு வாட்டமானது, முடிச்சு நிற்கும், அதனால் சர்ஜன்களுக்குப் பிடிக்கும். ஆனால் அழுக்கான காயத்தில் போட யோசிப்பார்கள். நைலானுக்கு நேர்மாறான குறை, வழுக்கும். அதனால் முடிச்சின் மேல் முடிச்சாக நாலைந்து போடுகிறார்கள்.

அவருடைய ஊசியையும் பார்த்தேன். தோலுக்கு என் தோல் ஊசி மாதிரியே முக்கோணமாக வெட்டும் முனை. வயிற்றுக்கு உருண்டை முனை, வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். இது நமக்குத் தெரிந்த விஷயம்தான், துணிக்கும் தோலுக்கும் ஊசி வேறல்லவா. நூல் நம்பர்தான் குழப்பியது. கம்பெனியில் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. இங்கே இரண்டாம் நம்பர் ஒன்றைவிடப் பருமன், ஆனால் சைபர் சேர்ந்து ‘இரண்டு சைபர்’, ‘மூன்று சைபர்’ என்று போனால் மெல்லிசாகிக்கொண்டே போகும்.

தையலை ஏன் தொடர்ச்சியாகப் போடாமல் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். காஜா எடுப்பதுபோல ஒரே நூலில் ஓடும் தையலும் இருக்கிறதாம், சீக்கிரம் முடியும். ஆனால் மாடு கம்பத்தில் தேய்த்து ஓரிடத்தில் அறுத்துக்கொண்டால் முழுதும் நெகிழும். தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்; சீழ் வைத்தால் அந்த ஒன்றை மட்டும் பிரித்து வழிய விடலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் அகலம் இருந்தது. நான் கருப்பிக்கு அந்த அகலத்துக்குள் மூன்று போட்டிருந்தேன்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. தோலில் துளையை நெருக்கினால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும் என்று கம்பெனியில் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். உயிருள்ள தோலுக்கு அதைவிட ஒன்று கூடுதல். அது வீங்கும். வீக்கத்துக்கு இடம் விடாமல் இறுக்கினால் ஓரத்துக்கு ரத்தம் வராமல் அழுகும். ஷூவுக்குத் தைக்கிறபோது எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்ப்போம். மாட்டுக்குத் தைக்கிறவர் எத்தனை நாள் தாங்கினால் போதும் என்று பார்க்கிறார். வயிற்றுக்கு ஒரு கணக்கு, சதைக்கு ஒரு கணக்கு, தோலுக்குப் பன்னிரண்டு, பதினான்கு நாளில் பிரித்துவிடுகிற கணக்கு. காயம் ஒட்டியபின் நூலுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனாலும் கருப்பியைக் கொன்றது நூல் மட்டும் இல்லை. நான் வேறு நல்ல நூலைப் போட்டிருந்தாலும் செத்துத்தான் இருக்கும். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. அதற்குக் காற்று ஆகாது. ஆழமான காயத்தில் மண்ணை உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் அழகாக மூடிக் கொடுத்தது நான். காயத்தைச் சரியாகக் கழுவ முடியாவிட்டால் திறந்தே விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பட்ட ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வந்த காயத்தை டாக்டர் சுத்தம் செய்து தைக்கப் பார்ப்பார். நேரம் கடந்து நாறத் தொடங்கிய காயத்தை அவரே பெரும்பாலும் தைக்க மாட்டார், திறந்து வைத்து உள்ளிருந்து ஆறவிடுவார். தைக்காமல் அனுப்புகிறாரே என்று நாம் கோபப்பட்டுக்கொண்டு வருகிறோம்.

அதனால் கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு நான் சொல்வது: நூல் வாங்க வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர், லிட்டருக்கு இரண்டு சிறு தேக்கரண்டி உப்பு, இதைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். மேலே ஊற்றினால் போதாது, உள்ளே போகும்படி பீய்ச்ச வேண்டும். சுண்ணாம்பு, சாம்பல், மஞ்சள், வண்டி ஆயில் எதுவும் அப்பாதீர்கள். டாக்டர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நேரம் போய்விடும். அயோடின் கரைசல் இருந்தால் தடவி, சுத்தமான வேட்டித் துணியால் ஈ மொய்க்காமல் கட்டுங்கள். மருந்தகம் தூரமென்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள். வந்தவரிடம் ரண ஜன்னித் தடுப்பு ஊசியை நீங்களே நினைவுபடுத்துங்கள், ஆட்டுக்கு அது அவசியம். அடி தள்ளிய மாட்டுக்கு ஊர்ப்பெரியவர்கள் சணல் ஊசியால் தைப்பதையும் பார்த்திருக்கிறேன். மாடு முக்கும்போது மெல்லிய நூல் சதையை அறுத்துவிடும். டாக்டர்கள் அதற்கு அகலமான நாடா போடுகிறார்கள், கன்று ஈனுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். யார் எப்போது எடுப்பது என்று தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மாடு மறுநாளே தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் அசை போட்டது. மருந்து போட்ட நாட்களின் பாலையும், அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன நாட்களின் பாலையும் கறந்து கீழேதான் ஊற்றினோம். மனசு கேட்கவில்லைதான்.

பதினான்காம் நாள் எங்கள் டாக்டர் வீட்டுக்கே வந்து தோல் தையலைப் பிரித்தார். கத்தரித்துக் கத்தரித்து ஒரு தட்டில் போட்டார். முடிந்தது என்று கையைக் கழுவப் போனார். நான் தட்டை எண்ணினேன். “சார், இருபத்தொண்ணுதான் இருக்கு. அன்னிக்கு இருபத்திரெண்டு போட்டாங்க” என்றேன்.

அவர் திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்தார். கீழ் மூலையில் மயிர் வளர்ந்த இடத்தில், பொருக்குக்கு அடியில் ஒன்று புதைந்து கிடந்தது. அதையும் எடுத்துத் தட்டில் போட்டார்.

“எண்ணிட்டா நின்னீங்க?” என்றார்.

“தையல்காரி சார்” என்றேன்.